தொங்கும் நிலையில் முறுக்கிய போல்ட்: லோயர் ஆர்ம் புஷ் 9,000 கி.மீ.க்குள் கிழிந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

முன்சக்கர இயக்கம் கொண்ட நடுத்தர அளவுக் கார் அது. முன்பக்கத்தில் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண். கீழே, சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் கரமாக, ‘ட’ வடிவில் ஒரு லோயர் ஆர்ம். அந்த ஆர்ம் மூன்று இடங்களில் பிடிக்கப்பட்டிருக்கிறது. வெளிமுனையில் பால் ஜாயிண்ட் (பந்து மூட்டு), சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு சேர்கிறது. உள்பக்கம் இரண்டு ரப்பர் புஷ்கள் (உலோகக் குழாய்க்கும் கூட்டுக்கும் நடுவே ரப்பர் ஒட்டிய இணைப்புகள்), காரின் அடியில் உள்ள சப்ஃபிரேம் என்ற சட்டத்தோடு சேர்கின்றன. முன் புஷ்ஷின் போல்ட் படுக்கையாகப் போகிறது, பின் புஷ்ஷின் போல்ட் செங்குத்தாக. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமான தடயமாக மாறியது.

உரிமையாளர் தொழில்முறை மெக்கானிக் அல்லர். ஆனாலும் தம் காரின் பெரும்பாலான வேலைகளைத் தாமே செய்துகொள்பவர். கருவிகளும் பொறுமையும் உள்ளவர். கார் 1,11,000 கி.மீ. ஓடியிருந்தபோது இடது பால் ஜாயிண்டில் ஆட்டம் கண்டது. இந்த மாடலில் பால் ஜாயிண்டைத் தனியாகக் கழற்ற முடியாது என்பதால் முழு ஆர்மையும் மாற்றினார். காரை ஸ்டாண்டுகளில் நிறுத்தினார். புதிய போல்ட்களைப் பயன்படுத்தினார். பணிமனைக் கையேட்டில் இருந்த அளவுக்கு, முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார். பிறகு வீல் அலைன்மென்ட்டும் செய்துகொண்டார்.

6,000 கி.மீ. தாண்டியதும் மேடுபள்ளங்களில் இடது முன்பக்கம் மந்தமாக ஒரு ‘டொக்’ சத்தம். சில வாரங்களில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீரிங் லேசாக ஒரு பக்கம் இழுத்தது. இடது டயரின் உள்விளிம்பு மற்றதைவிட வேகமாகத் தேய்ந்தது. மறுபடியும் அலைன்மென்ட் செய்தார், பயனில்லை. வேறொரு பட்டறையில் காரை லிஃப்டில் தூக்கிப் பார்த்துவிட்டு, புஷ்கள் நன்றாக இருக்கின்றன என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாகம் தரமற்றது என்ற முடிவுக்கு அவர் வந்தார். விற்பனையாளரிடம் புகார் செய்ததில், அதே தயாரிப்பாளரின் இன்னொரு ஆர்ம் மாற்றாக வந்தது. அதை நம்ப அவருக்கு மனம் வரவில்லை. வேறு தயாரிப்பில் ஒன்றை வாங்கிப் பொருத்தித் தரும்படி எங்கள் பட்டறைக்கு வந்து கேட்டார். அப்போது கார் ஓடியிருந்தது 1,20,000 கி.மீ.

புஷ் கிழிந்துவிட்டதா என்பதைவிட, ஏன் கிழிந்தது என்பதே எங்களுக்குப் பெரிய கேள்வியாகப் பட்டது. காரணம் தெரியாமல் மூன்றாவது ஆர்மைப் பொருத்தினால் அதுவும் அதே வழியில் போகலாம். பாகத்தைக் கழற்றும் முன் காரை இருக்கும் நிலையிலேயே பரிசோதிக்க அவரிடம் அனுமதி கேட்டோம். ஒப்புக்கொண்டார்.

சக்கரம் தரையில் இருந்தபோது கண்டது

டயர் காற்றழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு, சமதளத்தில் காரை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டு அளந்தோம். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இடப்பக்கம் 378 மி.மீ., வலப்பக்கம் 374 மி.மீ. இந்த 4 மி.மீ. வேறுபாட்டைத் தனியே வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. இந்த வயதுள்ள காரில் ஸ்பிரிங் தளர்ச்சியே அந்த அளவுக்கு வரும். ஆனால் ஆர்ம் மாற்றிய புதிதில் இடப்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்து நின்றதாகவும், புதிய ரப்பர் விறைப்பாக இருக்கிறது, போகப்போக அமர்ந்துவிடும் என்று தாம் நினைத்ததாகவும் உரிமையாளர் சொன்னார். நினைவிலிருந்து சொல்வதை அளவீடாக எடுத்துக்கொள்ள முடியாது. குறித்து மட்டும் வைத்தோம்.

அடுத்து, சக்கரங்களின் அடியிலேயே தாங்கும் நான்கு தூண் மேடையில் காரை ஏற்றினோம். சாலையில் நிற்பது போலவே சஸ்பென்ஷன் முழு எடையையும் தாங்கியிருக்கும் நிலை அது. விளக்கும் சிறு கண்ணாடியும் வைத்து இடது முன் புஷ்ஷைப் பார்த்தபோது கிழிசல் தெளிவாகத் தெரிந்தது. உள்குழாயை ஒட்டிச் சுற்றுவட்டமாக ரப்பர் விட்டுப்போய், ஏறக்குறைய 3 மி.மீ. இடைவெளியோடு வாய் திறந்திருந்தது. சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு காரின் உடலுக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். கிழிசலைக் காணவில்லை. உதடுகள் இரண்டும் ஒன்றோடொன்று படிந்து, மேலே ஒரு மெல்லிய கோடு மட்டும் இருந்தது. இடம் தெரியாதவர் அதைச் சாதாரண மேற்பரப்பு வெடிப்பு என்றே எண்ணுவார். எங்கள் இளைய மெக்கானிக், நாம் பார்ப்பது அதே புஷ்ஷைத்தானா என்று இரண்டு முறை கேட்டார். காரை இறக்கினோம், கிழிசல் திறந்தது. தூக்கினோம், மூடியது.

முந்தைய பட்டறை எதையும் கண்டுபிடிக்காததன் காரணம் இதிலேயே இருந்தது. அவர்கள் பார்த்தது சக்கரம் தொங்கிக்கொண்டிருந்த லிஃப்டில். பெரும்பாலோர் பார்ப்பதும் அப்படித்தான். நின்றுகொண்டு பார்க்க வசதியான இடம் அது. இந்த வகைச் சேதம் ஒளிந்துகொள்வதும் அந்த நிலையில்தான். அவர்கள் அக்கறையில்லாமல் பார்த்ததாக நான் கருதவில்லை.

வேறு காரணங்களை விலக்கியது

கிழிசல் தொங்கும் நிலையில் மூடிக்கொள்கிறது என்றால், ரப்பரின் இயல்பான நிலை அதுவே என்று பொருள். சக்கரம் தொங்கியபடி இருக்கும்போது போல்ட் முறுக்கப்பட்டிருக்கிறது என்ற சந்தேகம் அங்கேயே எழுந்தது. ஆனால் சந்தேகத்துக்குப் பொருந்தும் ஒரு தடயம் கிடைத்ததும் மற்றவற்றைப் பார்க்காமல் விடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு. எனவே மற்ற சாத்தியங்களையும் ஒவ்வொன்றாக எடுத்தோம்.

எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி மென்மையாகிக் கெடும். எஞ்சினின் அடிப்பகுதியும் ஸ்டீரிங் ரேக்கின் முனைகளும் உலர்ந்திருந்தன. புஷ்ஷின் ரப்பரில் பிசுபிசுப்போ உப்பலோ இல்லை. பள்ளத்தில் பலமாக மோதியிருந்தால் ரிம்மில் நெளிவும் ஆர்மில் வளைவும் இருக்கலாம். சேதமும் பெரும்பாலும் ஒரு பக்கமாக இருக்கும். இங்கே கிழிசல் சுற்றுவட்டமாக ஓடியது, ரிம் ஒழுங்காகச் சுழன்றது. சப்ஃபிரேமில் குறுக்கும் மறுக்குமாக எடுத்த அளவுகள் ஒத்துப்போயின. ஆர்மில் இருந்த பாக எண் இந்தக் காருக்கும் இடப்பக்கத்துக்கும் உரியதே.

பாகத்தின் தரம் பற்றிய கேள்வி எஞ்சியது. இதில் எங்களுக்கு உதவியது அதே ஆர்மின் பின் புஷ். ஒரே தயாரிப்பு, ஒரே ஆர்ம், ஒரே ஓட்டம். முன் புஷ் கிழிந்திருக்க, பின் புஷ் கீறல்கூட இல்லாமல் இருந்தது. ரப்பர் மோசமானது என்றால் இரண்டில் ஒன்று மட்டும் ஏன் தப்பியது? அதன் போல்ட் செங்குத்தானது. சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த புஷ் தன் அச்சில் முறுக்கப்படுவதில்லை, சாய்க்கப்படுகிறது. போல்ட் எந்த நிலையில் இறுக்கப்பட்டது என்பதன் பாதிப்பு படுக்கையாக இருக்கும் முன் புஷ்ஷில் விழுவதைப் போல இதில் விழாது. கெட்டதும் முன் புஷ்தான்.

கடைசிச் சோதனை போல்ட்டைத் தளர்த்துவது. கார் தன் எடையில் நிற்க, புஷ்ஷின் உள்குழாயின் முனையிலிருந்து சப்ஃபிரேமின் அடைப்பு (குழாயை இருபுறமும் பிடிக்கும் தகடு) வரை வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டோம். போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினோம். ஒரு கட்டத்தில் ‘டக்’ என்ற ஒலியோடு குழாய் சுழன்று, கோடு இரண்டாகப் பிரிந்தது. மூன்றில் ஒரு பங்கு ரப்பரே மிஞ்சியிருந்தபோதும் அவ்வளவு முறுக்கு அதில் அடைபட்டிருந்தது. சரியான நிலையில் இறுக்கப்பட்ட புஷ் என்றால், அந்த நிலையில் தளர்த்தும்போது கோடு நகர்ந்திருக்கக் கூடாது.

போல்ட்டை வெளியே எடுத்ததும் அடைப்பின் உள்முகத்தைத் துடைத்துப் பார்த்தோம். உள்குழாயின் முனைகளில் பற்கள் உண்டு. இறுக்கும்போது அவை அடைப்பின் தகட்டைக் கடித்துக்கொள்ளும். அந்தக் கடித்தடம் கூர்மையாக, ஒரே இடத்தில், சறுக்கிய அடையாளமே இல்லாமல் இருந்தது. உரிமையாளர் கொடுத்த முறுக்குவிசை போதுமானதாகவே இருந்தது என்பதற்கு அது சாட்சி. பிடி அவ்வளவு உறுதியாக இருந்ததால்தான் குழாய் வழுக்கவில்லை. சக்கரத்தின் ஒவ்வொரு அசைவையும் ரப்பர் தன் உடம்பில் வாங்கிக்கொண்டது.

ரப்பருக்குள் நடப்பது என்ன

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொண்டவர் அந்தத் தவறைத் திரும்பச் செய்யமாட்டார் என்று நம்புகிறேன்.

பலர் புஷ்ஷைச் சுழலும் தாங்கி என்று நினைக்கிறார்கள். கதவின் கீல் போல ஆர்ம் போல்ட்டைச் சுற்றித் திரும்புகிறது என்பது அவர்கள் கணக்கு. இந்த வகை புஷ்ஷில் எந்தப் பகுதியும் இன்னொன்றின் மேல் சுழல்வதில்லை. வெளிக்கூடு ஆர்மின் கண்ணில் அழுத்திச் செருகப்பட்டிருக்கிறது. உள்குழாய், போல்ட் இறுக்கப்பட்டதும் சப்ஃபிரேமோடு ஒன்றாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இரு உலோகங்களோடும் ஒட்டிய ரப்பர். ஆர்ம் ஏறி இறங்கினால் ரப்பர் முறுக்கப்பட்டு, திரும்பி வரும். ஆகவே போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அந்த நிலைதான் அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை. அதை மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் தளர்த்தி இறுக்குவதைத் தவிர வழி கிடையாது.

இந்தக் காரில் முன் புஷ்ஷின் அச்சிலிருந்து பால் ஜாயிண்ட் வரை சுமார் 360 மி.மீ. கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் முழுதும் தொங்கும் நிலை வரை இறக்கம் சுமார் 90 மி.மீ. ஆர்ம் நிற்கும் நிலையில் ஏறத்தாழ மட்டமாக இருக்கிறது என்று கொண்டால், இந்த இறக்கத்தில் அது ஏறக்குறைய 14 டிகிரி திரும்புகிறது. பெரிய மேட்டில் ஏறும்போது சக்கரம் இன்னொரு 60 மி.மீ. மேலே போகும், அதற்கு 10 டிகிரி.

நிற்கும் நிலையில் இறுக்கியிருந்தால் நேர்ச்சாலையில் ரப்பர் முறுக்கமின்றி இருக்கும். மேட்டில் 10 டிகிரி ஒரு பக்கம், பள்ளத்தில் அதிகபட்சம் 14 டிகிரி மறுபக்கம். தொங்கும் நிலையில் இறுக்கினால் கணக்கே மாறிவிடுகிறது. கார் சும்மா நிற்கும்போதே 14 டிகிரி முறுக்கு, மேட்டில் ஏறும்போது 24. அதுவும் எப்போதும் ஒரே திசையில். இரவு முழுவதும் நிறுத்தி வைத்திருந்தாலும் ஈரத்துணியைப் பிழிந்து பிடித்தது போல அந்த ரப்பர் இழுபட்டே இருக்கிறது. ஒட்டிய இடம் முதலில் விடுகிறது. அங்கிருந்து கிழிசல் சுற்றி ஓடுகிறது.

உயரத்தில் தெரிந்த வேறுபாட்டுக்கும் இதில் விளக்கம் உண்டு. தொங்கும் நிலையை ஓய்வாகக் கொண்ட ரப்பர், ஆர்மை அந்த நிலைக்கே தள்ளப் பார்க்கும். அதாவது சக்கரத்தைக் கீழேயும் உடலை மேலேயும். உரிமையாளர் கண்ட உயர்வு புதிய ரப்பரின் விறைப்பால் வந்ததாக இருக்க முடியாது. அந்த உயர்வோடுதான் முதல் அலைன்மென்ட் செய்யப்பட்டது. பிறகு ரப்பர் கிழியக் கிழிய உயரம் இறங்கி, சக்கரத்தின் கோணமும் நகர்ந்து, டயரின் உள்விளிம்பு தேய்ந்தது.

எடுத்த முடிவுகள்

எந்த ஆர்மைப் பொருத்துவது என்பதில் பட்டறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. வேறு தயாரிப்பைப் போட்டுவிட்டால் உரிமையாளருக்கு நிம்மதி, நமக்கும் பாதுகாப்பு என்றார் இளைய மெக்கானிக். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் மூத்த மெக்கானிக், மாற்றாக வந்த அதே தயாரிப்பையே போட வேண்டும் என்றார். புதிய தயாரிப்பைச் சரியான முறையில் பொருத்தி அது நீடித்தால், நீடித்தது பாகத்தாலா முறையாலா என்று யாருக்கும் தெரியாமல் போகும். உரிமையாளர் பாகத்தையே குறைசொல்லிக்கொண்டிருப்பார், அடுத்த முறையும் தொங்கவிட்டே முறுக்குவார். நான் இந்த வாதத்தின் பக்கம் நின்றேன். மாற்று ஆர்மின் பால் ஜாயிண்ட் இறுக்கம், தூசி உறை, புஷ்களின் ஒட்டு, துளைகளின் இடைவெளி எல்லாவற்றையும் பார்த்தோம், குறை இல்லை. உரிமையாளரிடம் கண்டதைக் காட்டி, இரண்டு வழிகளையும் சொன்னோம். கிழிசல் திறந்து மூடுவதைத் தாமே பார்த்த பிறகு அவர் அதே தயாரிப்புக்குச் சம்மதித்தார்.

போல்ட்களை மீண்டும் பயன்படுத்தலாமா என்றும் கேட்டார். போட்டு 9,000 கி.மீ.தானே ஆகிறது என்றார். இந்தக் காரில் அந்த போல்ட்கள் முதலில் ஒரு முறுக்குவிசைக்கும், அதன்மேல் ஒரு கோணத்துக்கும் இறுக்கப்படுபவை. அப்படி இறுக்கும்போது போல்ட் நிரந்தரமாகச் சற்று நீள்கிறது. அதை இரண்டாம் முறை பயன்படுத்தினால் அதே பிடிப்புக் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. கையேடும் ஒவ்வொரு முறையும் புதியதையே கேட்கிறது. புதிய போல்ட்கள் வரும்வரை வண்டியை நிறுத்தி வைத்தோம்.

வலப்பக்க ஆர்ம் வாகனத்தோடு வந்த பழையது. சக்கரம் தரையில் இருக்கும்போதும் தொங்கும்போதும் அதன் புஷ்களைப் பார்த்தோம். மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் இருந்தன, பிரிவு இல்லை. பால் ஜாயிண்டில் ஆட்டம் இல்லை. ஜோடியாக மாற்றும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இங்கே அதற்குக் காரணம் காணவில்லை என்பதால் அதைத் தொடவில்லை.

பொருத்திய விதம்

கழற்றுவதற்கு முன் வலப்பக்க அளவான 374 மி.மீ.யை வேலைச்சீட்டில் எழுதிக்கொண்டோம். இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அளவு தொங்கும்படி தூக்கினோம்; ஒன்று மட்டும் தொங்கினால், இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு ஆர்மோடு மல்லுக்கட்ட வைக்கும்.

மெக்பெர்சன் அமைப்பில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது, ஆர்ம் அதன் சுமையைத் தாங்குவதில்லை. அதனால் ஆர்மைக் கழற்ற ஸ்பிரிங்கை அமுக்கத் தேவையில்லை. ஸ்பிரிங் நேரடியாக லோயர் ஆர்மின் மேல் உட்காரும் வண்டிகளில் இதே போல ஆர்மை அவிழ்த்தால் ஸ்பிரிங் உயிரைப் பறிக்கும் வேகத்தில் வெளியே பாயும். இந்த ஆய்வில் சொல்லப்படும் வரிசையை அந்த வண்டிகளில் பயன்படுத்தவே கூடாது. ஏர்ல் மெக்பெர்சனின் அமைப்போடு 1950-இல் வெளிவந்த ஃபோர்டு கான்சலில் கீழே ஒற்றை இணைப்புத்தண்டு மட்டுமே இருந்தது. சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் பொறுப்பு ஸ்டெபிலைசர் பாருக்கு இருந்தது. பின்வந்த கார்களில் ‘ட’ வடிவ ஆர்ம் அந்தப் பொறுப்பையும் ஏற்றது. பிரேக் பிடிக்கும்போது கிழிந்த புஷ் ஸ்டீரிங்கில் உணரப்படுவது அதனால்தான்.

பால் ஜாயிண்ட் தண்டு நக்கிளின் பிளவுக்குள் நுழைந்து, குறுக்கே ஒரு போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறது. போல்ட்டை எடுத்து, பிளவைத் தேவையான அளவு மட்டும் அகட்டி, ஆர்மை நெம்புகோலால் கீழே அழுத்தித் தண்டை விடுவித்தோம். விடுபட்டதும் நக்கிளை வெளியே ஆடவிடாமல் ஒரு பட்டையால் கட்டினோம். அதை இழுத்தால் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டு கழன்றுவிடக்கூடும். பிரேக் குழாயும் சக்கர சென்சாரின் கம்பியும் இழுபடும்.

புதிய ஆர்மை முதலில் சப்ஃபிரேமில் நுழைத்து, இரண்டு போல்ட்களையும் கையால் திருகி, ஆர்ம் தாராளமாக ஏறி இறங்கும் அளவுக்கே விட்டோம். பால் ஜாயிண்ட் தண்டை நக்கிளில் முழுதும் ஏற்றினோம். தண்டில் ஒரு பள்ளம் உண்டு. குறுக்கு போல்ட் அதன் வழியாகத்தான் போகும். தண்டு சரியாக உட்காராவிட்டால் போல்ட் தடுக்கும். அப்படித் தடுக்கும்போது சுத்தியலால் அடித்து ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். போல்ட்டின் மரையும் தண்டும் சேர்ந்து கெடும். இங்கே கையாலேயே போயிற்று. இந்தக் குறுக்கு போல்ட்டைத் தொங்கும் நிலையிலேயே இறுதியாக இறுக்கலாம், ஏனெனில் பால் ஜாயிண்ட் உண்மையிலேயே சுழலும் மூட்டு. எந்த நிலையும் அதற்கு ஒன்றே.

சக்கரத்தை மாட்டி இறக்கினோம். புஷ் போல்ட்கள் கைத்திருகலிலேயே இருந்ததால் வண்டியை ஓட்டாமல், தள்ளியே மேடையில் ஏற்றினோம். முன்னும் பின்னும் சிறிது உருட்டி, முன்பக்கத்தை அழுத்தி அழுத்தி விட்டோம். இடப்பக்க அளவு 375 மி.மீ.யில் நின்றது. அந்த நிலையில்தான் முன் புஷ்ஷின் போல்ட்டையும் பின் புஷ்ஷின் போல்ட்டையும் கையேட்டின் விசைக்கும் கோணத்துக்கும் இறுக்கினோம். பின் புஷ் அச்சில் முறுக்கப்படாதது என்றாலும் கையேடு இரண்டுக்கும் இதே நிலையைச் சொல்கிறது. மீற ஒரு காரணமும் இல்லை. காற்று ரெஞ்சை இந்த இறுதி இறுக்கத்துக்குப் பயன்படுத்தவில்லை. முடிந்ததும் உள்குழாயிலிருந்து ஆர்மின் கண் வரை ஒரு நேர்க்கோடு, போல்ட் தலையிலிருந்து சப்ஃபிரேம் வரை இன்னொன்று என்று பெயின்ட்டில் வரைந்தோம்.

அதே மேடையில் அலைன்மென்ட். இந்தக் காரில் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே எளிதில் திருத்தக்கூடியது. அது இடப்பக்கம் அளவைவிட விலகியிருந்தது, திருத்தினோம். கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) இரு பக்கமும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருந்தது.

பின்னர் நடந்தது

சாலைச் சோதனையில் சத்தம் இல்லை. பிரேக்கில் இழுப்பும் இல்லை. 1,000 கி.மீ. ஆனதும் வரச்சொல்லிப் பார்த்தோம். நிற்கும் நிலையில் புஷ்ஷின் கோடு நேராக இருந்தது. தூக்கியபோது ரப்பர் முறுக்கப்பட்டதால் கோடு வளைந்தது. இறக்கியதும் மீண்டும் நேரானது. நடக்க வேண்டியது அதுவே. போல்ட் தலையின் கோடு நகரவில்லை.

24,000 கி.மீ. கழித்து வழக்கமான சர்வீசுக்கு வந்தபோது மேடையில் மறுபடி பார்த்தோம். ரப்பரில் பிரிவு எதுவும் இல்லை. இடது டயர் சீராகத் தேய்ந்திருந்தது. முந்தைய ஆர்ம் இதில் பாதித் தூரத்தைக்கூடத் தொடவில்லை. ஒரே ஒரு வாகனத்தை வைத்து அந்தத் தயாரிப்பின் தரத்துக்கு நற்சான்று வழங்க முடியாது. ஆனால் ஒரே தயாரிப்பு, ஒரே கார், ஒரே ஓட்டுநர் என்ற நிலையில் போல்ட் இறுக்கப்பட்ட நிலைதான் முதன்மையாக மாறியது. முடிவும் அதனோடு மாறியது.

மாற்றிக்கொண்டவை

உரிமையாளர் பயன்படுத்திய குறிப்பை எங்களிடம் காட்டினார். கையேட்டின் முறுக்குவிசை அட்டவணையை மட்டும் தாளில் எழுதிவைத்திருந்தார். எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை. கார் எந்த நிலையில் இருக்கும்போது இறுக்க வேண்டும் என்ற வரி அட்டவணையில் இல்லை, பொருத்தும் முறையைச் சொல்லும் வேறொரு பக்கத்தில் இருந்தது. எண்ணைத் தேடிப் போகிறவர் கண்ணில் அது படாது. கவனமாக வேலை செய்பவரையே வீழ்த்தும் அமைப்பு இது என்பது என் வருத்தம். ரப்பர் புஷ்ஷுக்கான முறுக்குவிசையை எழுதும் யாரும், அதே வரியில் ‘கார் தன் எடையில் நிற்கும்போது’ என்று சேர்த்து எழுத வேண்டும். அது இல்லாத எண் பாதி அறிவுரைதான்.

எங்கள் வேலைச்சீட்டில் சஸ்பென்ஷன் வேலைகளுக்கு இரண்டு கட்டங்கள் சேர்க்கப்பட்டன. ஒன்று, கழற்றும் முன் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வரையிலான உயரம், இரு பக்கமும். மற்றொன்று, இறுதி இறுக்கத்தின்போது இருந்த உயரம். இரண்டாவது கட்டம் நிரம்பாமல் வண்டி வெளியே போகாது. புஷ் பரிசோதனை சக்கரம் தரையில் இருக்கும்போதும் தொங்கும்போதும் என இரு முறை செய்யப்படுகிறது. வேறெங்கோ ஆர்ம் மாற்றப்பட்டு, சில ஆயிரம் கி.மீ.க்குள் சத்தத்தோடு வரும் வாகனங்களில் பெயின்ட் கோடு போட்டுத் தளர்த்திப் பார்ப்பதும் வழக்கமாகியிருக்கிறது. புஷ் இன்னும் கிழியாமல் இருந்தால் சரியான உயரத்தில் மறுபடி இறுக்குவதே போதும். புதிய போல்ட் தேவைப்படுகிற வண்டியில் அதை மட்டும் வாங்கினால் ஆர்ம் பிழைத்துக்கொள்ளும்.

நான்கு தூண் மேடை எல்லாரிடமும் இருக்காது. வீட்டில் செய்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. வண்டியின் அடியில் போதிய இடம் கிடைக்குமானால் நான்கு சக்கரங்களையும் ஒரே உயரமுள்ள உறுதியான சாய்தளங்களில் ஏற்றி, சக்கரங்களின் மேலேயே கார் நிற்க இறுக்குவது நல்லது. அது முடியாதபோது, உடலை ஸ்டாண்டுகளில் வைத்து, பால் ஜாயிண்டுக்கு அருகில் ஜாக்கி கொடுத்து, முன்பே எழுதிவைத்த உயரம் வரும்வரை நக்கிளை மேலே தூக்கி இறுக்கலாம். அப்படித் தூக்கும்போது அந்தப் பக்கத்து உடல் ஸ்டாண்டை விட்டு எழும்பக்கூடும். எழும்பத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் போகக் கூடாது.

அந்த 24,000 கி.மீ. சர்வீசுக்குச் சில மாதங்கள் கழித்து வலது பால் ஜாயிண்டிலும் ஆட்டம் வந்தது. உரிமையாளர் அந்த ஆர்மைத் தாமே மாற்றினார், சாய்தளங்களில் நிறுத்தி. அலைன்மென்ட்டுக்கு எங்களிடம் வந்தபோது வலப்பக்கம் 374 மி.மீ. இருந்தது, உள்குழாயில் அவரே வரைந்திருந்த கோடு நிற்கும் நிலையில் நேராக இருந்தது. அடுத்த சர்வீசில் இரு பக்க புஷ்களையும் மேடையில் பார்ப்பதாக வேலைச்சீட்டில் குறித்திருக்கிறோம்.